நனையாத சிவதனுசு

...இல்ல இல்ல, நீங்க பேச வேணாம் சம்மந்தி. பேசுங்கன்னு நான் சொல்லவே இல்லியே! எங்க வீட்டு ஆளுங்ககூட இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு தூது வந்த வேலுகிட்ட சொல்லி அனுப்பிட்டீங்க. அவனும் ஒண்ணு விடாம வந்து ஒப்பிச்சிட்டான். அவன் சொந்தமா ரெண்டு வார்த்தை சேத்துத்தான் ஒப்பிச்சிருப்பான், அது கெடக்கட்டும். ஆனா பேசமாட்டேன்னு சொன்னது வாய்தானே? காது ஒண்ணும் சொல்லலியே? நீங்க பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆயுங்க. நான் இந்த வாசப்பக்கத்து அஞ்சடி ஓரமா உக்காந்துக்கிறேன். உள்ள வரல. குடிக்கத் தண்ணிகூட கேக்கமாட்டேன்.

அப்பப்பா, என்னா மழை! பாலோவுல ரயிலு ஏறுறப்பப் புடிச்சது. பெக்கோக்குல எறங்குனா அங்கயும் மழை. அங்கேருந்து லாரியில, அரிசி மூட்டைக்கு நடுவுல நானும் ஒரு மூட்டையா உக்காந்து உங்க சாஆ ஊருக்கு வந்து சேர்ற வரைக்கும் விடவே இல்ல. பாருங்க முந்தானைய... புழிஞ்சா ஒரு செம்பு தேறும். இந்தத் துணி மூட்டைய மட்டும் நனைய விடல. நீட்டமா இருக்கேன்னு பயப்படாதீங்க, பாம்பு இல்ல. என்னன்னு அப்புறம் சொல்றேன். தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. தெரியாத மாதிரி கீரைய ஆயுறீங்க. ஆயுங்க, ஆயுங்க.

இந்த ஜொகூர் ஈரம் இருக்கே சம்மந்தி, இதுமேலதான் நான் மொதல்ல பிராது குடுக்கணும். எங்க வீட்டு உப்பு ஜாடியில உப்பே கெடையாது, உப்புத் தண்ணிதான் இருக்கு. தீப்பெட்டிய கம்பளிக்குள்ள சுத்தி, அந்தக் கம்பளிய தகரப் பெட்டிக்குள்ள போட்டு, பெட்டிய அடுப்பு மேடையில வச்சாத்தான் காலையில ஒரு குச்சி பத்தும். அப்பளம் பொரிச்சு சட்டியிலேருந்து எலைக்கு வர்றதுக்குள்ள தொவண்டு போவுது. நான் ஊர்லேருந்து கட்டிக்கிட்டு வந்த கூறைச்சேலை, பெட்டியில பத்திரமாத்தான் வச்சிருந்தேன். போன தீவாளிக்கு எடுத்துப் பாக்குறேன், சரிகையில காளான் மொளைக்காத கொறைதான்! எம் மக புஷ்பவள்ளிக்கு அதத்தான் குடுக்கணும்னு... சரி, அந்தப் பேச்சு இப்ப வேணாம். நீங்க தாம்பாளத்த திருப்பி அனுப்பிட்டீங்க. வெத்தலைகூட தொடாம அப்படியே இருந்துச்சு. ஈரத்துல அழுகித்தான் வந்துச்சு, அதுவும் இந்த ஊரு ஈரம்தான்.

நடந்த எல்லாத்துக்கும் காரணம் அந்த ஈரம் சம்மந்தி. எங்க வீட்டுக்காரரு இல்ல.

நீங்க என்ன நெனைச்சுட்டீங்க? பொண்ணு வீட்டுக்காரனுக்கு இந்தச் சம்மந்தம் புடிக்கல, வாயால சொல்ல தைரியமில்ல, அதனால நாடகத்துல எம் மகன நிக்கவச்சு, மூணு தோட்டத்துச் சனம் பாக்க, ஒடியாத வில்லக் கையில குடுத்து அசிங்கப்படுத்திட்டான்னு நெனைச்சுட்டீங்க. வேலு சொன்னான். வில்லுக்குள்ள இரும்புக் கம்பி வச்சிருந்தாருன்னுகூட சொன்னீங்களாமே? எங்க வீட்டுக்காரரா? அவருக்கு அந்த அளவு தந்திரம் இருந்தா நான் ஏன் சம்மந்தி இருவது வருசமா ரப்பர் பால் வாளி தூக்குறேன்? சட்டை பொத்தான மாத்திப் போட்டுக்கிட்டு, விடியல்ல பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போற மனுசன் அவரு. இஸ்டோர்ல ரப்பர் அனுப்புற பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. கைவேலை மட்டும் சுத்தம். மத்ததெல்லாம் நான் சொல்லித்தான் நடக்கணும்.

மொதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் வெளங்கும். எங்க தோட்டத்துல வருசாவருசம் மாரியாத்தா திருநாவுக்கு சீதா கல்யாணம் போடுவாங்க. உங்களுக்குத் தெரியுமே. ராவுல ஆடுனா மறுநாள் பால் வெட்டு கெட்டுப் போவுதுன்னு தொரை உத்தரவு போட்டுட்டாரு, அதனால ஞாயித்துக்கெழமை பட்டப்பகல்ல ஆடுறது. பகல்ல ஆடுறதுல ஒரு சங்கடம், ஒரு ஓட்டையும் ஒளிக்க முடியாது. தசரதர் தாடிக்குக் கீழ அய்யாவுவோட பச்சை குத்துன நெஞ்சு பளிச்சுன்னு தெரியும். போகட்டும். வில்லு செய்யிறது எங்க வீட்டுக்காரரு. ராமருக்கு ஒண்ணு, லச்சுமணருக்கு ஒண்ணு, ரெண்டும் மூங்கிலு. சிவதனுசு மட்டும் பாக்கு மரத்து வைரத்துல, ஆளு ஒசரத்துக்கு. அத ஒரே துண்டா செஞ்சா எந்த ராமராலயும் ஒடிக்க முடியாது. அதனால ரெண்டு பாதியா செஞ்சு, நடுவுல வச்சிரம் காச்சி ஒட்டி, ஒட்டுன எடம் தெரியாம ஜிகினாக் காயிதம் சுத்திடுவாரு. ராமரு காலால ஊனி ஒரு வளைப்பு வளைச்சா, ஒட்டுன எடத்துல டக்குனு விட்டுப்போகும். கொட்டுக்காரன் ஒரு அடி போடுவான். சனம் கைதட்டும். அம்புட்டுதான் சூட்சுமம்.

வச்சிரம் இருக்கே, காஞ்ச ஊர்ல கல்லு மாதிரி நிக்கும். இங்க ரெண்டு நாள் மழை பேஞ்சா பாகு மாதிரி எளகிடும். போன வருசம் என்னாச்சு? நீங்க வரல போன வருசம். ஜனகர் சபைக்கு நாலு பேரு சேந்து அந்த வில்ல தூக்க முடியாம தூக்கியாறாங்க. 'ஆயிரம் யானை பலம் வேணும் இத அசைக்க'ன்னு ஜனகரு பாடுறாரு. பாடி முடிக்கல, வில்லு தானா ரெண்டாப் போச்சு! ஒரு பாதி அவரு கால்ல விழுந்துச்சு. ராமரு இன்னும் மேடைக்கே வரல, திரைக்குப் பின்னால பீடி குடிச்சுக்கிட்டிருக்காரு. சனம் சிரிச்ச சிரிப்பு... ஒரு வருசம் சம்மந்தி, ஒரு முழு வருசம் எங்க வீட்டுக்காரரு பெரட்டுல நின்னா, 'என்னண்ணே, உங்க வில்லு சௌக்கியமா, எந்திரிச்சு நடக்குதா?'ன்னு கேட்டாங்க. அவரு நேரா வீட்டுக்கு வந்து உளிய தீட்டுவாரு. தீட்டித் தீட்டி பாதி உளி தேஞ்சு போச்சு.

இந்த வருசம் என்ன ஆனாலும் வில்லு நனையக்கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் எம் பாட்ட கேளுங்க. அடுப்புக்கு மேல மூணு வில்லும் தொங்குது. நான் நிமுந்தா நெத்தியில லச்சுமணரு இடிக்கிறாரு. கொழம்பு கொதிச்சா ஆவி படுதுன்னு கொழம்பு வைக்க விடமாட்டாரு. ஒரு மாசம் சுட்ட கருவாடுதான். நாணக் கழட்டி வைக்கணுமாம், இல்லாட்டி மரம் அலுத்துப் போகுமாம். தேங்காண்ணெய் தடவணுமாம். எந் தலைக்கு எண்ணெய் இல்ல, ராமரு வில்லு மினுமினுன்னு இருக்கு. உமி மூட்டைக்குள்ள வச்சுப் பாத்தாரு, எறும்பு வந்துச்சு. இஸ்டோர்ல ரப்பர் சீட்டுக்குப் புகை போடுற வீட்டுல, சீட்டோட சீட்டா ஒரு நாள் தொங்கவிட்டாரு. கணக்கு எழுதுற கிராணி பாத்துட்டு, 'இது எந்த ரக ரப்பர்யா?'ன்னு கேட்டு வெரட்டிட்டாரு. எனக்கு முட்டி வலின்னு மூணு மாசமா சொல்றேன், ஆமா ஆமாங்குறாரு. மழை தூறுனா மட்டும் துள்ளி ஓடுறாரு, வில்லுக்குக் கம்பளி போத்த! அந்த வில்லுக்கு இருமல் வந்திருந்தா தோட்டத்து ஆசுபத்திரி டிரசர கூட்டியாந்து மருந்து வாங்கிக் குடுத்திருப்பாரு.

என்ன... ஒதடு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு? இல்லியா? சரி. கண்ணு மங்கிருச்சு எனக்கு.

அந்த நேரம் பாத்துத்தான் உங்க வீட்டுச் சம்மந்தம் வந்துச்சு. எங்க ராமரு வேஷக்காரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். நம்ம காளியப்பன் மாப்பிள்ளைக்கு நல்ல தொண்டைன்னு நாடகம் பழக்குற சபாபதி வாத்தியாருதான் கூப்பிட்டாரு. தாம்பாளம் மாத்துன மாப்பிள்ளையே ராமரு! ஒடிச்சதும் வேஷத்தோடயே வந்து பொண்ணப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும்னு சனமெல்லாம் காத்துக் கெடந்துச்சு. எம் மக முன் வரிசையில உக்காந்து பாயப் பிச்சுக்கிட்டிருந்தா. ஒரு மொழம் பாயி காணோம்.

நெனைச்சுப் பாத்தா மனசு ஆற மாட்டேங்குது. நீங்களும்தான் பாத்தீங்களே. மாப்பிள்ளை வந்து நின்னாரு பாருங்க, நீலப் பொடி பூசிக்கிட்டு... சொல்லக்கூடாது, கோவிச்சுக்காதீங்க, கை ரெண்டும் கொஞ்சம் முருங்கைக்காதான். ஆனா தொண்டை? மணி! பாடுனாரு, வில்ல எடுத்தாரு, காலால ஊனுனாரு, வளைச்சாரு. வில்லு வளையுது. வளையுது, வளைஞ்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு பாத்து கும்பிடு போடுற அளவுக்கு வளைஞ்சிருச்சு. ஒடியல! கொட்டுக்காரன் அடிக்கிறதா வேணாமான்னு கோல தூக்கிக்கிட்டே நிக்கிறான். கை நழுவுச்சு பாருங்க... வில்லு விசுக்குன்னு நிமுந்து, போற போக்குல விசுவாமித்திரரு தாடிய அத்துக்கிட்டுப் போச்சு. அந்த வேஷம் கட்டுன சபாபதி வாத்தியாரு மொகவாய பொத்திக்கிட்டாரு. மாப்பிள்ளை மறுபடி வளைச்சாரு. மறுபடி விசுக்கு. பின்னாலேருந்து ஒருத்தன், 'ராமா, விட்டுரு, ராவணன கூப்புடுவோம்!'னான். சிரிப்பு. மூணாந்தரம் வளைக்கிறப்ப அவரு கண்ணுல தண்ணி. நீலப் பொடியில கோடு விழுந்துச்சு. நான் பாத்தேன் சம்மந்தி. வில்ல கீழ போட்டுட்டு, கிரீடத்தோட எறங்கி, ரயிலு ரோட்டப் பாத்து நடந்தாரு. ரயிலுல போறவங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்களாம், ராமரு தனியா காட்டுக்குப் போறாருன்னு.

சரி, சிரிக்கிற விசயம் இல்ல. தெரியும்.

அன்னையிலேருந்து எங்க வீட்டுல அடுப்பு எரியுது, சாப்பிட ஆளில்ல. புஷ்பவள்ளி தலை சீவல. நான் சீவி விடுறேன்னா, யாரு பாக்கப் போறாங்குறா. அவரு இருக்காரே, அவரு கதை இன்னும் மோசம். வச்சிரம் கூடிப்போச்சோ, கொறைஞ்சு போச்சோன்னு தினம் ஒரு வில்லு செய்யிறாரு. ஒட்டுறாரு, காய வைக்கிறாரு, வளைக்கிறாரு. டக்கு. ஒழுங்கா ஒடியுது. மறுநாள் இன்னொண்ணு. டக்கு. அதுவும் ஒடியுது. நாலு வில்லு ஒடிச்சாச்சு. 'அளவு சரியாத்தானே இருக்கு, அது மட்டும் ஏன் ஒடியல?'ன்னு சுவத்தப் பாத்துக் கேக்குறாரு. 'அந்த வில்லு எங்கடி, கொண்டா, பிரிச்சுப் பாப்போம்'னாரு. நான் கரையான் புடிச்சிருச்சு, வெறகோட போட்டு எரிச்சிட்டேன்னு...

ஈரம் சம்மந்தி, ஈரத்துக்கு என்ன செய்யிறதுன்னே தெரிய மாட்டேங்குது. சபாபதி வாத்தியாரையும் சொல்லணும், மழைக் காலத்துல திருநா வச்சாரே... என்ன, எந்திரிச்சிட்டீங்க? கீரைதான் ஆஞ்சு முடிச்சாச்சா? ஆஞ்ச கீரையத்தானே ரெண்டாந்தரம் ஆஞ்சுக்கிட்டிருந்தீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருங்க. உள்ள போகாதீங்க. சம்மந்தி... கதவ சாத்தாதீங்க!

அவரு இல்ல சம்மந்தி. நான்தான்.

நான்தான் செஞ்சேன். கேக்குதா உள்ள? அவருக்குத் தெரியாது. இன்னிய வரைக்கும் தெரியாது. திருநாவுக்கு ஒரு வாரம் இருக்கப்ப விடாம பேஞ்சுச்சு. அவரு வேலைக்குப் போறவரு, பாதி வழியில திரும்பி ஓடியாந்து வில்லத் தொட்டுப் பாத்துட்டு ஓடுறாரு. குழந்தைக்கு காச்சல் பாக்குற மாதிரி பொறங்கையால தொட்டுப் பாக்குறாரு. எனக்கு ஒரு மாதிரியா ஆயிருச்சு. இந்த வருசமும் தானா ஒடிஞ்சா இந்த மனுசன் தாங்கமாட்டாருன்னு தோணுச்சு. மூணாங் கிளாசோட நின்னவதான் நானு, ஆனா எனக்கு ஒண்ணு தெரியும். பால் வெட்டப் போறப்ப போத்துற சாக்குல பழைய பாலத் தடவி காய வச்சா, எந்த மழையும் உள்ள எறங்காது. நீங்களும் செஞ்சிருப்பீங்களே! சாக்குக்கு ஆகுறது வில்லுக்கு ஆகாதான்னு... தூக்குச் சட்டியில ஒரு மங்கு பால் ஒளிச்சுக் கொண்டாந்தேன். அவரு வேட்டிய கிழிச்சு, பால்ல நனைச்சு, ஒட்டுன எடத்த இறுக்கி சுத்தி, அதுமேல பாலு, காஞ்சதும் துணி, அதுமேல பாலு. மூணு சுத்து. ஈரம் போகக்கூடாது பாருங்க! அதுமேல நானே ஜிகினாவும் ஒட்டிட்டேன். அவரு சாயங்காலம் வந்து பாத்துட்டு, 'ஜிகினா நல்லா வந்திருக்கே'ன்னாரு. கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல எங் கைவேலைய அவரு மெச்சுனது அது ஒண்ணுதான். ஒடையணும்னு செஞ்ச பொருளுங்குறதே எனக்கு மறந்து போச்சு சம்மந்தி. நனையக்கூடாது, நனையக்கூடாதுன்னு அது ஒண்ணுதான் ஞாவகம்.

இன்னொண்ணு கேளுங்க. அதச் சொல்லத்தான் இந்த மழையில வந்தேன். உங்க மகன் வில்ல ஒடிச்சிட்டாரு! மொதத் தரம் வளைச்சப்பவே உள்ள டக்குன்னுச்சு. சனம் போட்ட சத்தத்துல யாருக்கும் கேக்கல. நான் மேடைக்கு ஓரத்துல இருந்தேன், எனக்குக் கேட்டுச்சு. மரம் விட்டுப் போச்சு, எம் பாலுதான் விடாம புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்பவே எந்திரிச்சு சொல்லியிருக்கணும். 'ஒடிச்சிட்டாருய்யா, கைதட்டுங்கய்யா'ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். தண்ணிக் கொழாயில பேசுவேன், ரயிலுல பேசுவேன், லாரிக்காரன் காது புண்ணாகுற மட்டும் பேசிக்கிட்டு வந்தேன். இந்த வாயி அன்னிக்கு மட்டும் மூடிக்கிச்சு. அவர எல்லாரும் திட்டுறப்பவும் மூடிக்கிச்சு. எம் மக அழுறப்பவும்...

என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க. அவரு மேல பழி வேணாம். எம் புள்ளைய வேணாம்னு...

ஐயோ, வந்துட்டீங்களா. என்ன அது கையில? கத்தி! ஏங்க சம்மந்தி, பால் வெட்டுற கத்தி எதுக்கு இப்ப? நான் வயசுப் பொண்ண வச்சிருக்கவ... வில்லா? வில்லக் குடுக்கணுமா? இந்தா, இந்தா, பிரிக்கிறேன். எரிச்சேன்னு சொன்னது அவருகிட்ட சொன்ன பொய்யி. வெறகுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். நாத்தம் கொஞ்சம் தூக்கும், மூக்கப் புடிச்சுக்குங்க. நடுவுல, அங்கதான். பாத்து, பாத்து... அடேங்கப்பா, வில்லுலயும் சாய்வாத்தான் வெட்டுறீங்க! பட்டைன்னு நெனைப்பா? பழகுன கை. மரத்துல காயம் படாம தோலு மட்டும் உரியுது பாருங்க. எங்க கங்காணி பாத்தா இந்தக் கைக்கு நல்லா பால் வடியிற மர நெரையாக் குடுப்பாரு. இன்னும் ஒரு சுத்து... இன்னும் ஒண்ணு...

ஆ! விழுந்திருச்சு. பாத்தீங்களா? ரெண்டு பாதி. இந்த முனையத் தொட்டுப் பாருங்க, வச்சிரம் ரெண்டு பக்கமும் காஞ்சு நிக்குது. பொட்டு ஈரம் இல்ல. இது இன்னிக்கு ஒடிஞ்சது இல்ல சம்மந்தி, ஞாயித்துக்கெழமையே ஒடிஞ்சது. காளியப்பன் மாப்பிள்ளை ஒடிச்சது. அந்த முருங்கைக்கா கையி... மன்னிச்சுக்குங்க, அந்தத் தங்கமான கையி ஒடிச்சது!

எதுக்கு முந்தானைய வாயில வச்சுக்கிறீங்க? அழுறீங்களா? இல்லியே, தோளு குலுங்குது... அட, சிரிக்கிறீங்க! சிரிங்க, சிரிங்க. சிரிச்சா பேச்சுல சேராது, உங்க சபதம் ஒண்ணும் கெட்டுப் போகல. விசுவாமித்திரரு தாடி ஞாவகம் வந்துச்சா? எனக்கும் ரயிலுல வர்றப்ப வந்துச்சு. எதிர்ல இருந்த சீனத்தி எனக்கு கிறுக்குன்னு எடம் மாத்திக்கிட்டா.

இந்த ரெண்டு பாதியும் உங்ககிட்டயே இருக்கட்டும். மாப்பிள்ளை வேலைவிட்டு வந்ததும் காட்டுங்க. நான் வீட்டுக்குப் போய் அவருகிட்ட சொல்லிடுறேன். இன்னிக்கே சொல்லிடுறேன். அஞ்சாவது வில்லு ஒட்டுறதுக்கு முன்னால சொல்லணும், பாக்கு மரம் தீந்து போச்சு.

என்ன... என்ன சொன்னீங்க? பேசிட்டீங்களே! காப்பியா? குடிக்கிறேன், குடிக்கிறேன். தண்ணி கேக்கமாட்டேன்னுதான் சொன்னேன், காப்பி வேணாம்னு சொல்லலியே! உள்ள வரவா? கால் ஈரம்... சரி, வர்றேன்.

சக்கரை கட்டியாப் போச்சா? எல்லா வீட்டுலயும் அதே கதைதான் சம்மந்தி. கரண்டிக் காம்பால குத்துங்க. டப்பா மூடிதான் சரியில்ல, அதான் ஈரம் எறங்குது. ரப்பர் பாலு கொஞ்சம் மங்குல கொண்டாந்தீங்கன்னா, மூடிய சுத்தி லேசா ஒரு பூச்சு பூசி...

இல்ல இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, கைய மடியில வச்சுக்கிட்டேன். எதையும் தொடல.